டியூட்டர் அறைக்கு வந்த அப்பாக்கள்

திருநின்றவூர்
12.7.1993

ஜுபைதா,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

உன் வாணியம்பாடி விலாசத்தை நம் ஸ்டாஃப் ரூம் வனஜாவிடம் கெஞ்சி வாங்கினேன். ஆறு வருஷம் ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. என் மாமியாருக்கு எந்தக் காலில் வலி என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். ராஜிநாமா செய்யப் போவதை மட்டும் எனக்குச் சொல்லக் கூடாதா? லீவு முடிந்து கல்லூரி திறந்த அன்று உன் நாற்காலியில் எவனோ லேப் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தான். ‘ஜுபைதா மேடம் இன்னும் வரலியா?’ என்று நான்தான் போகிறவன் வருகிறவனையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

சரி, போனாய். உன் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யோசித்தாயா? உன் பொறுப்பில் இருந்த முப்பது வார்டுப் பிள்ளைகளையும் எனக்கிருந்த முப்பதோடு சேர்த்தாயிற்று. ‘ஒரு செமஸ்டர் மட்டும் பாத்துக்குங்க மேடம், புது ஆள் போட்டுடறோம்’ என்றார் பிரின்சிபால். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

‘டியூட்டர்னா இன்னா வேலை அது? பாடம் நடத்தறதுதானே?’ என்று என் வீட்டுக்காரர் நேற்றுக் கேட்கிறார். பாடம் நடத்தி முடித்த பிறகுதான் அது ஆரம்பிக்கிறது என்றேன். இவன் ஏன் வகுப்புக்கு வரவில்லை, அவன் ஏன் அரியர் வைத்தான், இவள் ஏன் ஹாஸ்டலில் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள், எல்லாம் நான் கேட்டு, நான் புத்தி சொல்லி, நான் தேற்ற வேண்டும். அட்டெண்டன்ஸ் குறைந்தால் அப்பாவுக்குக் கார்டு போட வேண்டும். அப்பா வந்து என் எதிரில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அழுதால் அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். ‘இதுக்குத் தனியா எதுனா குடுக்கறாங்களா?’ என்றார். எனக்கு வந்த கோபத்தில் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி துலுக்கானம் வந்தார். குத்தம்பாக்கம் கூட்ரோட்டில், நம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறாரே, அவரேதான். இந்தத் தடவை உன் வார்டு சண்முகசுந்தரத்துக்கு அப்பா. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ‘இன்னா மேடம், நம்ம புள்ள கட் அட்ச்சிகினு கீறானாமே? ஊட்ல நல்லா வெச்சி வாங்கிட்டேன். மெக்கானிக்கலு ரெண்டாவது வருசம், வெளாட்டா இது? இனிமே ஒரு நாள் வரலைன்னா என்னாண்ட சொல்லு, தோல உரிச்சிடறேன்’ என்கிறார். அன்று காலையில்தான் அவர் கையால் டீ வாங்கிக் குடித்தேன். ஒரு கூச்சம் வேண்டாமா!

நீயாக இருந்தால், ‘கடையைப் பாருங்கண்ணே’ என்று வாசலோடு திருப்பியிருப்பாய். நான் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். வெளியே வராந்தாவில் இன்னும் கூட்டம் நின்றது. எனக்கு நாலேமுக்கால் பஸ்ஸை விட்டால் ஆவடியில் என் ரயிலைப் பிடிக்க முடியாது.

பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

லோகநாயகி


வாணியம்பாடி
25.7.1993

லோகா,

நீ அடித்த ‘அன்புள்ள’வை வெயிலில் பிடித்துப் படித்துவிட்டேன். எனக்கு அது போதும்.

உனக்குச் சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லியிருந்தால், ‘கொஞ்சம் பொறுடி, இந்த செமஸ்டர் போகட்டும்’ என்பாய். நானும் பொறுத்திருப்பேன். அந்தப் பயத்தில்தான் ஓடி வந்தேன். வீட்டில் எல்லோரும், புருஷன் இருக்கும் ஊருக்குப் பெண்டாட்டி வந்துவிட்டாள் என்று சந்தோஷப்படுகிறார்கள். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு வேலையில் மூன்று வருஷமாக இங்கே தனியாகத்தானே இருந்தார். அதுதான் காரணம் என்று நானும் சொல்லிக்கொள்கிறேன்.

காரணம் அதுவல்ல. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, பூந்தமல்லியில் வழக்கம்போல் பஸ் ஏறினேன். கூட்ரோடு வந்ததும், ‘காலேஜ் எறங்கு, காலேஜ் எறங்கு’ என்றார் கண்டக்டர். நான் எழுந்திருக்கவில்லை. மயக்கம் இல்லை, கால்வலி இல்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நம் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று ‘மேடம், மேடம்’ என்று கூப்பிட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் போய் இறங்கி, அங்கே பஸ் ஸ்டாண்டில் மத்தியானம் வரை இருந்தேன். மறுநாள் உன்னிடம் காய்ச்சல் என்றேன். நீ சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாய். அதைக் குடிக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

துலுக்கானத்தைத் திருப்பி அனுப்பினேன், வாஸ்தவம். ஒரு தடவை தொப்பி போட்டுக்கொண்டு வந்து எனக்கே சலாம் சொன்னார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆனால் பொய் அப்பாவைத் திருப்பினால் நிஜ அப்பாவை யார் தேடுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாபிராம், திருமழிசை என்று வீடு வீடாகத் தேடிப் போனேன். முப்பது வீட்டுக் கஷ்டத்தையும் கேட்டு முடிக்கும்போது என் வீட்டில் ஒருவர் ‘தலை வலிக்கிறது’ என்றால் எரிந்து விழ ஆரம்பித்தேன். ஆகையால் உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அவரிடம் கையெழுத்து வாங்காதே. இன்றைக்கு ஒன்று வாங்கினால் நாளைக்கு முகம் பார்க்காமல் வாங்குவாய்.

நான் செய்யாததை நீ செய். டியூட்டர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போய் எழுத்தில் கேள். ஆளுக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் கூடாது. டைம்டேபிளில் அதற்கென்று ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும். ஒரு வருஷம் டியூட்டராக இருந்தால் அடுத்த வருஷம் அந்த வேலை இல்லாமல் விட வேண்டும். தனியாகப் போகாதே, லோகா. தனியாகப் போனால் உனக்கு மட்டும் முடியவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

உன் குட்டிப் பெண் புஷ்பாவுக்கு என் முத்தம்.

ஜுபைதா


திருநின்றவூர்
6.9.1993

அன்புள்ள ஜுபைதா,

அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

பஸ் கதையைப் படித்துவிட்டு சமையற்கட்டில் நின்று அழுதேன். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த முட்டாளுக்கு எதிரில் இருந்தவள் முகம் தெரியவில்லையே என்றுதான் அழுதேன். போகட்டும்.

நீ சொன்னபடியே செய்தோம். வனஜா எழுதினாள், பதினோரு பேர் கையெழுத்துப் போட்டோம். பிரின்சிபால் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘நியாயம்தான் மேடம். நான் கரஸ்பாண்டென்ட் கிட்ட பேசறேன்’ என்றார். பேசினார். பத்து நாளில் நோட்டீஸ் போர்டில் ஆர்டர் ஒட்டினார்கள். ‘டியூட்டர்களின் மனச்சோர்வைப் போக்க ஒருநாள் பயிற்சி முகாம். அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.’

என்றைக்கு என்று நினைக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை! பட்டணத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று எங்களை ஞாயிற்றுக்கிழமை வரவழைத்துச் சொன்னார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். வனஜா என் காதில், ‘விட்ட மூச்சு திரும்பி வராம இருந்தா நல்லாருக்கும்க்கா’ என்றாள். நாலு மாசம் அவளுக்கு, வாந்தி நிற்கவில்லை. சாயங்காலம் கரஸ்பாண்டென்ட் வந்து எங்களுக்கெல்லாம் ஒரு ஆலோசனை சொன்னார். டியூட்டர்கள் இனிமேல் மாதம் ஒரு தடவை வார்டுகளின் வீட்டுக்கும் போய் வந்தால் பிள்ளைகளோடு பாசம் வளருமாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது.

இருபதும் இல்லை, பீரியடும் இல்லை. புது ஆளும் வரவில்லை.

நான் விட்டுப் போகலாமா என்று நினைத்துப் பார்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் கம்பெனி மூடிக் கிடக்கிறது. கேட்டில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்றைக்குத் திறக்கும் என்று அவருக்கே தெரியாது. இந்த நிலைமையில் நான் எங்கே போக?

ஒரு வேடிக்கை கேள். போன வாரம் நான் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும்போது புஷ்பா வாசற்படியில் வந்து நின்றாள். ‘உள்ள வரலாமா மேடம்?’ என்றாள். நானும் தலை நிமிராமல் ‘கம் இன்’ என்றேன். அப்புறம்தான் பார்த்தேன். கணக்கு நோட்டில் கையெழுத்து வாங்க வந்திருக்கிறாள் குழந்தை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

துலுக்கானம் இப்போதெல்லாம் உரிமையோடு வருகிறார். அவரோடு ஓர் ஆட்டோக்காரரும் சேர்ந்திருக்கிறார். நீ திட்டுவாய், தெரியும். ஒரு நிஜ அப்பாவுக்கு அரை மணி நேரம் வேண்டும். பொய் அப்பா ஒரு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு?

உன்
லோகா


வாணியம்பாடி
19.9.1993

அன்புள்ள லோகா,

புஷ்பா சமாசாரத்தை என் அக்கா மஹ்பூபாவிடம் படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ வேடிக்கை என்று எழுதும் ஒன்றும் எனக்கு வேடிக்கையாக இல்லை. நானும் ஸ்ரீபெரும்புதூருக்கு முந்தின மாதங்களில் இப்படித்தான் எல்லாவற்றையும் ஜோக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஞாபகப்படுத்திப் பார்.

நஷ்டம் யாருக்கு என்று கேட்கிறாய். உனக்குத்தான்டி நஷ்டம். வருகிறவன் நிஜமா பொய்யா என்று பார்க்கிற கண் போய்விட்டால் அப்புறம் திரும்பி வராது.

ஒரு உண்மை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் பிள்ளைகள் இப்போது உன்னிடம் வருகிறார்கள் என்றதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் நாலு மணியானால் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன், யாரோ வாசலில் காத்திருக்கிற மாதிரி.

இங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வரும் ஜூனில் பிசிக்ஸ் டீச்சர் வேண்டுமாம். தாளாளர் எங்களுக்குச் சொந்தம். சம்பளம் உன்னுடையதைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல். நான் உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் தாக்குப் பிடி. டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கியாவது ஒரு வாரம் லீவு போடு. லீவு போட்டால் குடி முழுகிப் போகாது.

ஜுபைதா


திருநின்றவூர்
5.11.1993

ஜுபைதா,

ஒரு காரியம் செய்துவிட்டேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம், அட்டெண்டன்ஸ் கார்டு போன பெற்றோர் வரும் நாள். வராந்தா கடைசி வரை ஆட்கள். துலுக்கானம் வந்து போனார், ஆட்டோக்காரர் வந்து போனார். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ‘இங்க போடுங்க. சரி. அடுத்தது.’ இதுதான் பேச்சு.

காக்கிப் பேண்ட்டும் கசங்கின சட்டையுமாக ஒருவர் வந்தார். முகத்தில் தாடி முளைத்திருந்தது. வெளியே பெஞ்சிலேயே தூங்கிவிட்டாராம், வனஜாதான் தட்டி எழுப்பி அனுப்பினாள். ‘சண்முகசுந்தரத்தோட அப்பாங்க’ என்றார். எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டேன். ‘மிஷினு சம்பந்தமாத்தாங்க படிக்கிறான்’ என்றார். எந்த வருஷம் என்றேன். யோசித்தார். ‘போன வருசம் சேத்தது... இல்லீங்க, அதுக்கும் மொத வருசம்’ என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஜுபைதா. அன்று முழுக்க வராத சிரிப்பு.

‘ஏங்க, அந்தப் பையனுக்கு மொத்தம் எத்தனை அப்பா? ஜூலையில வந்தவர் உங்களைவிட நல்லா நடிச்சாரே. பையன் என்ன படிக்கிறான், எந்த வருஷம்னு எல்லாம் அவர் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்தார். நீங்க எந்தக் கடை?’ என்றேன்.

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. வனஜாகூடச் சிரித்தாள். அவருக்கு முதலில் புரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் லேசாகச் சிரித்தார். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் புரிந்துகொண்டார். ‘நான்தாங்க அவன் அப்பா. கலியமூர்த்தி. ஆவடி பேக்டரில இருக்கேன். நைட் ஷிப்ட்டு முடிச்சுட்டு அப்படியே காலையிலயே வந்துட்டேங்க’ என்றார். நான், ‘போதும், போங்க. பையன்கிட்ட நான் பேசிக்கிறேன்’ என்றேன். அவர் நகரவில்லை. ‘அவனையே கூப்புட்டுக் கேளுங்க மேடம்’ என்றார். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பியூனை அனுப்பிப் பையனைக் கூப்பிட்டேன்.

வந்தான். ‘இவர் யாருடா?’ என்றேன்.

அவன் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். ஆமாம் என்றால் ஜூலையில் துலுக்கானத்தைக் கூட்டி வந்தது வெளியே வந்துவிடும். அந்தப் பயம். அந்த மனுஷன் மகனுடைய வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரம் அப்படி நின்றானோ தெரியாது. அப்புறம்தான், ‘எங்கப்பாதான் மேடம்’ என்று சொல்லிவிட்டு அழுதான்.

கலியமூர்த்தி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். காட்டினேன். போட்டார். பையனைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. நீ பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நேற்றும் இன்றும் பையன் வரவில்லை. என்னைத் திட்டு. நன்றாகத் திட்டு.

லோகா


வாணியம்பாடி
10.11.1993

லோகா,

திட்ட மாட்டேன். திட்டினால் உனக்குச் சுமை இறங்கிவிடும்.

கலியமூர்த்தியை எனக்குத் தெரியும். போன வருஷம் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போயிருக்கிறேன். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர், டீச்சர் வந்திருக்கிறார்கள் என்றதும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்து, நான் கிளம்பும் வரை நின்றுகொண்டே இருந்தார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. மகன் இன்ஜினியர் ஆவான் என்பது அவருக்குத் தெரியும். அது என்ன இன்ஜினியர் என்று அவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

இதை நான் உனக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தால் புதன்கிழமை இப்படி ஆகியிருக்குமா? முப்பது பிள்ளைகளைப் பற்றியும் எல்லாம் என் மண்டைக்குள்தான் இருந்தது. அதை யாரிடமும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதி என் பாவம், லோகா. ஆனால் உன் பாதியை நான் வாங்கிக்கொள்ள முடியாது.

ஆவடிக்குப் போ. தீபாவளி கழிந்ததும் போ. அவர் எதிரில் நின்று மன்னிப்புக் கேள். அப்புறம் பிரின்சிபாலிடம் போய், என்னால் முடியவில்லை, டியூட்டர் வேலையை எடுத்துவிடுங்கள் என்று சொல். தனியாகப் போகாதே என்று முன்னே எழுதினேன். இப்போது அதெல்லாம் பார்க்க நேரமில்லை. அல்லாஹ் உனக்குத் தெம்பு கொடுக்கட்டும்.

ஜுபைதா


திருநின்றவூர்
22.12.1993

அன்புள்ள ஜுபைதா,

நீ சொன்ன இரண்டு இடத்துக்கும் போனேன். இரண்டும் ஆகவில்லை.

குவார்ட்டர்ஸில் அவர் சம்சாரம் பார்வதம்தான் கதவைத் திறந்தாள். யாரென்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தாள். கலியமூர்த்தி எதிரில் நின்றார். நானும் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. ‘தெரியாம பேசிட்டேங்க’ என்று மட்டும் சொன்னேன்.

‘விடுங்க மேடம். நீங்க பேசுனது பரவால்லீங்க. நீங்க என்னைய முன்ன பின்ன பாத்தீங்களா? அவன் சும்மா நின்னான் பாருங்க’ என்றார்.

உள் அறையில் பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அப்பாவும் மகனும் பேசி ஒன்றரை மாதமாகிறதாம். ‘ரெண்டே ரூமுங்க. ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டுதான் போகணும். பேசிக்கறதில்ல. சோத்தக்கூட நான்தான் கூப்புட்டுப் போடறேன்’ என்றாள் பார்வதம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லூரிக்கு வாடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ‘நீங்க எல்லாருக்கும் இதான் மேடம் சொல்றீங்க’ என்றான். உண்மைதானே? வாசல் வரை வந்து வழியனுப்பினார் கலியமூர்த்தி. அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் பிரின்சிபாலிடம் போய் என்னை விட்டுவிடுங்கள் என்றேன். ‘சரி மேடம், உங்க வார்டுங்கள வனஜாகிட்ட குடுத்துடறேன். வேற ஆள் இல்ல’ என்றார். வேறு யாராவது இல்லையா என்றேன். ‘நீங்களே ஒரு பேர் சொல்லுங்க’ என்றார். ஜன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. வனஜா வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள், அவளைச் சுற்றிப் பிள்ளைகள். அவளுக்கு இப்போது ஏழாவது மாதம்.

‘வேண்டாம் சார், நானே பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ போனபோது உன்மேல் எவ்வளவு ஆத்திரப்பட்டேன்! அதே ஆத்திரத்தை வனஜா முகத்தில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒருத்தி இறக்கி வைத்தால் இன்னொருத்தி தலையில்தான் அது ஏறும் என்றால், எதற்கு இறக்குவது?

உன்
லோகா


வாணியம்பாடி
2.2.1994

லோகா,

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில் இது.

பள்ளிக்கூட வேலை உனக்குத்தான். தாளாளரிடம் பேசியாகிவிட்டது. ஏப்ரல் கடைசிக்குள் வருகிறேன் என்று நீ எழுதினால் போதும். எங்கள் தெருவிலேயே வீடு பார்த்து வைத்திருக்கிறேன். புஷ்பாவை அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். உன் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை தேடித் தருவதாக இவர் சொல்கிறார்.

வனஜாவைப் பற்றி யோசிக்காதே என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் நீ அங்கே இருந்து அவளைக் காப்பாற்றப் போகிறாயா? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முழுகப் போகிறீர்கள். ஒருத்தியாவது கரையேறி வா. எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வா.

ஜுபைதா


திருநின்றவூர்
18.4.1994

அன்புள்ள ஜுபைதா,

பள்ளிக்கூடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடு. காரணம் கேட்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

நான் இப்போது நன்றாகத் தூங்குகிறேன். நிஜமாகத்தான். தலைவலி இல்லை, யார்மேலும் எரிந்து விழுவதில்லை. வனஜா பிரசவ லீவில் போனதும் அவளுடையதில் பாதி எனக்கு வந்தது. வந்ததும் தெரியவில்லை. பிள்ளைகள் வருகிறார்கள், பேசுகிறார்கள், நானும் பேசுகிறேன். போன வாரம் ஒரு பெண் அரை மணி நேரம் அழுதாள். அவள் போனபிறகு எதற்கு அழுதாள் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. ‘இப்பத்தான் மேடம் நீங்க பழகிட்டீங்க’ என்றார் பிரின்சிபால். டியூட்டர்களுக்கெல்லாம் என்னைத் தலைமை டியூட்டராகப் போடப் போகிறார்களாம்.

சண்முகசுந்தரம் பொங்கலுக்குப் பிறகு வந்தான். அவன் அம்மா அழுது அனுப்பி வைத்தாளாம். வந்தாலும் விட்டுப்போன நாட்கள் விட்டுப்போனதுதானே? பரீட்சை எழுத விட வேண்டுமானால் அப்பா வந்து டியூட்டர் முன்னால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் கார்டு போட்டேன். எழுபது எண்பது கார்டு எழுதினதில் அதுவும் ஒன்று. கலியமூர்த்தி என்று விலாசம் எழுதும்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார். இந்தத் தடவை முகம் மழித்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தனியாக வரவில்லை, பேக்டரியில் கூட வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வரிசையில் நின்று, அவர் முறை வந்ததும் என் மேஜைக்கு முன்னால் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். ‘சண்முகசுந்தரம், மெக்கானிக்கலு, ரெண்டாவது வருசம், நாலாவது செமஸ்டருங்க.’ பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார், ஜுபைதா. அப்புறம் கூட வந்தவர்களைக் காட்டி, ‘இவங்க ரெண்டு பேரும் எங்க ஷாப்புதாங்க. நான்தான் அவன் அப்பான்னு சொல்லுவாங்க’ என்றார். அந்த இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ரேஷன் கார்டை எடுத்து, பிரித்து, என் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தார்.

வேண்டாங்க, எனக்குத் தெரியாதா என்று சொல்லியிருக்க வேண்டும். உன் மாதிரி ஒருத்தி சொல்லியிருப்பாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் நானும் சொல்லியிருப்பேன். என் கை நீண்டது. கார்டை எடுத்தேன். பெயர் பார்த்தேன், விலாசம் பார்த்தேன். மகன் என்று போட்டிருக்கிற இடத்தில் விரல் வைத்து விண்ணப்பத்தோடு சரிபார்த்தேன். ‘ம், சரி. இங்க போடுங்க’ என்றேன்.

போட்டார். கார்டைத் திரும்ப வாங்கி உறைக்குள் போட்டு, ‘ரொம்ப நன்றிங்க மேடம்’ என்று கும்பிட்டார். கூட வந்தவர்களும் கும்பிட்டார்கள்.

எனக்கு அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. வராதவளை அந்தச் சின்னப் பெண்கள் படிக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதே. அதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன்.

அவர் நகர்ந்ததும், ‘அடுத்தது யாரு?’ என்று கூப்பிட்டேன்.

லோகநாயகி